போயா நாளில் நடுங்காத மலை

செப்டெம்பர் 15, திங்கள்

காலையிலிருந்து பனி. ஹந்தான மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

செய்ய வேண்டியவை: பன்வில நிலையத்துக்குப் புதுப் பற்றரி. இரண்டாம் வருடத்தாரின் செய்முறைத் தாள்கள். ஆய்வுச் சுருக்கம், கடைசி வாசிப்பு. குடை (பழையது ரயிலோடு போயிற்று).

சுருக்கம் பிற்பகல் கருத்தரங்குக்கு அனுப்பியாயிற்று. ஒரு பொத்தானை அமுக்கினேன், அவ்வளவுதான். எழுந்து போய் முகம் கழுவினேன்.

எளிய தமிழில் ஒரு தடவை எனக்கே சொல்லிப் பார்க்கிறேன், நேர்முகத்துக்கு உதவும். கண்டியைச் சுற்றி மூன்று இடங்களில் எங்கள் அதிர்வுமானிகள். வளாகத்தில் ஒன்று. பன்வில பாடசாலையின் களஞ்சிய அறையில் ஒன்று. கலகெதரவில் ஓர் அரிசிக் கடையின் பின்னறையில் ஒன்று. லொறி, மழை, பிள்ளைகளின் ஓட்டம், எல்லாவற்றுக்கும் அடியில் மனிதருக்குத் தெரியாத சின்ன நில அதிர்வுகள். அவற்றைத் தேடிப் பிடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். அது கண்டுபிடித்தது: ஹேவாஹெட்டவுக்கு அப்பால், ஆளில்லாத ஒரு காட்டு முகட்டின் அடியில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் அதிர்வுகள். ஒரு கொத்து. யாரும் பார்த்திராதது.

அடுத்த மாதம் நேர்முகம். நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்று, கேட்பவர் இருவர். மற்றவரிடம் வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டம். என்னிடம் கொத்து.

வீட்டுக்கார சபீனா ராத்தா மாடிப்படியில் மறித்தார். "மகள், பூமி அசையுறதா ஈந்தா முந்தியே சொல்லோணும். அலுமாரிக்கு மேல எங்கட உம்மா தந்த பீங்கான் ஈக்கி." முந்தியே சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது என்றேன். பின்னே எதற்கு இவ்வளவு படிப்பு என்பது போல் ஒரு பார்வை. பிறகு ஒரு கோப்பையில் வட்டிலப்பம்.


செப்டெம்பர் 17, புதன்

பத்து மணிக்கே மழை. செய்முறை வகுப்பு. அச்சிட்ட பதிவுகளில் முதல் அலை வந்த இடத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும். முதல் அலை மெலிந்தது, வேகமானது. இரண்டாவது மெதுவாக, கனமாக வரும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரமோ அவ்வளவு தூரம். கொம்பியூட்டர் நொடியில் செய்யும் வேலை. ஆனாலும் ஒரு தடவையாவது சொந்தக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பின்வரிசையில் பதுளைப் பிள்ளை ஒருத்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "எங்க தொடங்குதுன்னே தெரியல மிஸ். தொடங்கின பிறகுதான் தெரியுது."

பென்சிலை எடுத்து அவள் கையில் திரும்பக் கொடுத்தேன்.

எங்கள் அறை: இரண்டு மேசை, ஒரு கேத்தல், நிரோஜா. அவள் பாறையியல், யாழ்ப்பாணம், என்னைப் போலவே தற்காலிகம். சுவரிலுள்ள வரைபடத்தில் என் சிவப்புப் புள்ளிகளைக் காட்டி இன்றும் கேட்டாள்: "உம்மட கொத்து கோழியோ, முட்டையோ?" தினமும் இதே பகிடி. தினமும் சிரிக்கிறேன். கொத்து ரொட்டிக் கடையில் தகடு தட்டும் சத்தம் இனி எனக்குப் பூகம்பமாகத்தான் கேட்கும்.


செப்டெம்பர் 21, ஞாயிறு

துணி துவைத்தேன். வெயில் இருப்பதாக நம்பி.

அப்பா போன். கத்திக் கத்தித்தான் பேசுவார். ஹேவாஹெட்ட ரோட்டில் ஒரு கற்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பவர். தேயிலைத் தோட்டத்தில் பெயர் வெட்டி வேலை போன பிறகு அங்கேதான் வேலை. இடது காது ஏறக்குறைய இல்லை. வலது காதில் போனை வைத்துக்கொண்டு, எனக்கும் கேட்காது என்று நினைத்துப் பேசுவார். சாப்பிட்டேனா, குளிருக்குச் சட்டை இருக்கிறதா, மெசின் நன்றாக ஓடுகிறதா. மெசின் என்றால் என் ஆராய்ச்சி முழுவதும்.

நேர்முகத்தில் யாராவது கேட்பார்கள்: இது குவாரி வெடி இல்லை என்று எப்படித் தெரியும்? குவாரிக்காரர் மகள் அதைக் கேட்காமல் இருப்பாளா? முதலில் கழித்ததே அதைத்தான். வெடி மத்தியானம் ஒரு தடவை, அப்பாவே சொன்னது. அந்த நேரத்தில் வந்தவை எல்லாம் பட்டியலிலிருந்து போயின. என் கொத்து மாலையில் வருவது. குவாரியிலிருந்து ஆறேழு கிலோமீற்றர் தள்ளி, நல்ல ஆழத்தில்.

ஏன் மாலையில் மட்டும்? அதற்கும் பதில் உண்டு. காலையில் பன்வில பாடசாலையில் பிள்ளைகளின் சத்தம், ஒன்றும் தெரியாது. இரவில் காவலுக்கு இருக்கும் வோச்சர் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார், ஞாயிறு முழுவதும் அப்படியே. பாடசாலை விட்ட பிறகு இருட்டும் வரைதான் எங்கள் மூன்று நிலையங்களும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம்.

அழகான பதில். எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

துணி காயவில்லை.


செப்டெம்பர் 26, வெள்ளி

மேகம், மழை இல்லை. எழுதுவதற்கு முன் தேநீர் குடித்தேன்.

நிரோஜா ஊருக்குப் போக நீண்ட விடுமுறை தேடிச் சுவரிலிருந்த கலண்டரைப் புரட்டினாள். அதில்தான் ஒவ்வோர் அதிர்வுக்கும் நான் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது. பழக்கம்தான், தேவை இல்லை. பின்னோக்கியும் புரட்டினாள். பிறகு:

"இஞ்ச பாரும் சுகந்தி. உம்மட பூகம்பம் போயாவுக்கு சில் எடுக்குதோ?"

வெள்ளை உடுத்து விகாரைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறதோ என்று அவள் கேலி. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மாதத்திலும் போயா என்ற பௌர்ணமி விடுமுறையைக் காட்டும் அந்தச் சின்ன மஞ்சள் நிலா. நிலா இருந்த எந்தக் கட்டத்திலும் புள்ளி இல்லை.

போயா நாளில் பதிவே இல்லையோ? இருக்கிறது. வோச்சர் ரேடியோவில் பண என்ற பௌத்த போதனை கேட்பதால் அன்றைக்கு மட்டும் மின்சாரம் அணைப்பதில்லை. பிள்ளைகள் இல்லை, லொறி குறைவு. வருடத்திலேயே மிக அமைதியான பதிவுகள். ஒரு தும்மல் கூடத் தெரியும். கோடு நேராகப் போகிறது. காலையிலிருந்து இரவு வரை.

நிலத்துக்குப் பௌர்ணமி தெரியாது. லீவு தெரியாது. லீவு எடுப்பது மனிதர்.

நிரோஜா என் முகத்தைப் பார்த்து, "நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்" என்றாள். பிறகு கேத்தலைப் போட்டாள்.


செப்டெம்பர் 27, சனி

தூக்கம் குறைவு. விடிகாலை ஒரு செண்பகப் பறவை, விடாமல் கூவி.

ஆழம். எல்லா அதிர்வுக்கும் ஒரே ஆழம். நல்ல ஆழம் என்று பெருமையாக எழுதினேன். புரோகிராமுக்கு நான் தொடக்கத்தில் கொடுத்த எண் அது. மூன்று நிலையங்களை வைத்து ஆழம் காண முடியாது என்பதால் அது அந்த எண்ணை விட்டு அசையவே இல்லை. நிலம் தந்த விடை என்று நினைத்தேன். என் கேள்வியையே எனக்குத் திருப்பித் தந்திருக்கிறது.

இடமும் அப்படித்தான். மூன்று நிலையமும் மலையின் ஒரே பக்கம். அலை எவ்வளவு வேகத்தில் இந்தப் பாறையில் ஓடும் என்பதற்கு வேறொரு நாட்டு மலையின் கணக்கைப் போட்டோம். ஆறேழு கிலோமீற்றர் தள்ளிப் போவதற்கு இது போதும்.

ஆனால் அப்பா மத்தியானம் என்றாரே.

அதை நினைத்துப் பார்க்கிறேன். பொங்கலுக்குப் போயிருந்தபோது. நான் அச்சடித்த வினாத்தாள் கொண்டுபோனேன், துறையின் முத்திரையோடு. பேனாவும் கையுமாக வாசற்படியில். அப்பா கதிரையில் இருந்து எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். அம்மா கூட உள்ளேயிருந்து வந்து நின்றாள். "வெடி நேரம்?" என்று நான் வாசித்தேன். "லைசன்ஸ்படி மத்தியானம் ஒண்ணு" என்றார்.

நான் எழுதியது: மத்தியானம், ஒன்று.

லைசன்ஸ்படி என்ற சொல்லை எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் இடமும் இல்லை.


செப்டெம்பர் 30, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை. நிரோஜாவும் சொல்லவில்லை. எங்கள் துறைப் பேரா. தாழ்வாரத்தில் கண்டு, சுருக்கம் நன்றாக இருக்கிறது, நேர்முகத்தில் அதையே பேசு என்றார். தலையாட்டினேன்.

மூன்று நாளாக என் கொத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். இது எழுதி வைக்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு பதிவாகப் பெரிதாக்கி, இயற்கையின் ஏதாவது ஓர் அடையாளம். வெடி என்றால் நிலம் எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும், எல்லா நிலையத்திலும் முதல் அசைவு மேலே. பூகம்பம் என்றால் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. ஒன்றாவது கீழே இருக்கட்டும் என்று தேடினேன்.

எல்லாம் மேலே.

புள்ளிகளின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது இன்றுதான் தெரியும்.


ஒக்டோபர் 6, திங்கள், போயா

நல்ல வெயில். கண்டி முழுக்க வெள்ளை உடை.

குவாரி லீவு, அப்பா என்னைப் பார்க்க வந்தார். பையில் லீக்ஸ், கரட், அம்மா இடித்த மிளகாய்த்தூள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மெலிந்திருக்கிறேன் என்றார். ஒவ்வொரு முறையும் சொல்வது.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவக் கடை. தோசை. அவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் பேப்பர் இல்லை, பேனா இல்லை. கைப்பையைக்கூட மேசைக்கு அடியில் வைத்தேன்.

"அப்பா, அந்திக்கும் வெடி போடுறீங்களா?"

"போடுறதுதானே. மழ இல்லாட்டி." சட்னியைத் தொட்டுக்கொண்டே. "ரோட்டு வேலைக்குக் கல்லு பத்தல. அந்திக்கு ஒண்ணு கூடுதலா. அது லைசன்சுல இல்ல."

ரகசியத்தை அவர் தனக்குக் கேட்கும் சத்தத்தில்தான் சொல்வார். பக்கத்து மேசையில் மூன்று பேர் திரும்பினார்கள்.

"அன்னிக்கு மத்தியானம் மட்டும்னு சொன்னீங்க."

அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். தோசையை நிறுத்திவிட்டார்.

"அது நீ பேப்பரு வச்சிக்கிட்டுல்ல கேட்ட."

அவ்வளவுதான். கோபப்பட ஒன்றும் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். கையில் பேப்பரோடு வாசலில் வந்து நிற்பவர் என்ன கேட்டாலும் பேப்பரில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். மகளாக இருந்தாலும். மகளாக இருந்தால் அவளையும் அது காப்பாற்றும் என்று கூட நினைத்திருப்பார்.

நான் அந்தப் பேப்பரோடு அன்றைக்கு வேறு யாராகவோ போயிருக்கிறேன். அவர் எழுந்து நின்றபோது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். என் மெசினுக்குத் தெரிந்த பூகம்பம் எல்லாம் நீங்கள்தான் என்று. நேரம் பிடித்தது புரிய. "கண்டி வரைக்குமா கேக்குது?" என்றார். ஆம் என்றேன். கலகெதர வரை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கடை வாசலைப் பார்த்தபடி இருந்தார். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு, மறைக்கப் பார்த்தும் முடியவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு போயிற்று.

"ஒனக்குக் கெட்டதா பாப்பா?"

இல்லை என்றேன். பொய். பஸ் ஏறும் வரை அதையே மூன்று விதமாகக் கேட்டார்.


ஒக்டோபர் 7, செவ்வாய்

மழை. பேரா.வின் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்ததால் தயங்கி நிற்கச் சாக்கு இல்லை.

கலண்டரையே கழற்றிக்கொண்டு போயிருந்தேன். பேச வேண்டியிருக்கவில்லை. புரட்டினார். நான்காவது மாதத்தில் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கத் தொடங்கினார், சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. அவர் பதறிப்போய் சிங்களத்தில் சொன்னார்: இந்தத் தொழிலில் எல்லோருக்கும் முதல் பூகம்பம் இப்படித்தான். அவருடைய முதல் கண்டுபிடிப்பு காலை ரயில். அதைப் பற்றி ஒரு கருத்தரங்கிலேயே பேசிவிட்டாராம். நீ பேசுவதற்கு முன் கண்டுவிட்டாய், நான் பேசிய பிறகு என்றார்.

ஆகவே: சுருக்கத்தை மீளப் பெற வேண்டும். மாலை வெடி ஒன்றை அருகிலிருந்து கருவி வைத்துப் பதிந்து ஒப்பிட வேண்டும், சந்தேகம் இல்லாமல் தீர. பிறகு பட்டியலைத் திருத்த வேண்டும். அதில் 'மூலம்' என்று ஒரு நிரல். இப்போது 'இயற்கை'. இனி 'வெடி'.

வருட முடிவில் அந்தப் பட்டியல் வெளியே போகும். குவாரிக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. மாலை நேரம், வெடி, ஹேவாஹெட்ட ரோட்டு. வாசிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

இதை அவரிடம் சொன்னேன். அப்பாவின் வேலையையும். அவர் ஜன்னலைச் சாத்தினார், மழை உள்ளே அடித்தது. அந்த நிரலை நிரப்புவது உன் வேலை, நான் தொட மாட்டேன் என்றார். கண்டிப்பான குரலில் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் கனமாக இருக்கிறது.


ஒக்டோபர் 10, வெள்ளி

சுருக்கம் மீளப் பெற்றாயிற்று. அதற்கும் ஒரு பொத்தான்தான்.

கருவியைச் சோதித்துப் பெட்டியில் வைத்தேன். திங்கள் மாலை வெடிக்குப் போவதாக ஏற்பாடு. வேன் கிடைத்துவிட்டது. நிரோஜாவும் வருகிறாள், பாறை பொறுக்க.

மத்தியானம் அப்பா போன். குரலில் பெருமை.

"பாப்பா, இனிமே ஒனக்குத் தொந்தரவு இருக்காது. அந்தி வெடிய நிப்பாட்டியாச்சு."

குவாரி மொதலாளியிடம் நேரே போய்ச் சொல்லியிருக்கிறார். கெம்பஸ்ல எம் மக மெசின்ல நம்ம வெடி விழுகுதாம், வேல கெடுதாம் என்று. மொதலாளி பயந்து அன்றைக்கே நிறுத்திவிட்டாராம். அப்பாவுக்கு அந்திக் காசும் போயிற்று. அதை அவர் சொல்லவில்லை, அம்மா பின்னாலிருந்து சொன்னாள்.

கருவிப் பெட்டி மேசைமேல். பதிய இனி ஒன்றும் இல்லை.

"நல்லதுப்பா" என்றேன். நிரோஜா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை. "சுகந்தி, உலகத்தில பூகம்பத்தை நிப்பாட்டின ஒரே ஆள் உம்மட அப்பாதான்."

நானும் சிரித்தேன். முதல் முறையாக, இந்தக் கிழமையில்.


ஒக்டோபர் 14, செவ்வாய்

மேகம். சபீனா ராத்தா பீங்கானை இறக்கி வைத்திருக்கிறார். இனி வராது என்று சொன்னேன். "அல்லாஹ் அறிவான்" என்றார், மேலே ஏற்றவில்லை.

பட்டியல் திறந்திருக்கிறது. ஒரு கட்டளை போதும், எல்லா வரியும் மாறிவிடும். அப்படிச் செய்ய மனமில்லை.

முதலில் அப்பாவுக்குப் போன். எழுத வேண்டும் என்றேன், மாலையில் வெடி போட்டதை. அனுமதி கேட்கவில்லை, சொல்லிவிட்டு எழுதுகிறேன் என்றேன். ஆபீசுக்குப் போகும் என்பதையும் சொன்னேன். போன் கேட்காத காதுக்கு மாறிவிட்டதோ என்று பயந்தேன்.

"நிப்பாட்டினதையும் எழுதுவியா?"

எழுதாமலே தெரியும், அதற்குப் பிறகு வரிகள் இல்லை என்றேன்.

"எம் பேரு வருமா?"

"வராதுப்பா."

"வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா வேணாம்."

பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக. இயற்கை, அழி. வெடி. இயற்கை, அழி. வெடி. ஒவ்வொரு வரியும் அவர் வேலையில் இருந்த ஒரு மாலை. ஜூனில் தொடர்ந்து சில நாட்கள் வெறுமை. அப்போது அதற்கு நிலத்தின் ஓய்வு என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்ன கிழமை அது. அவருக்குப் பதில் ஆள் இல்லை.

இரண்டு வருடம் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பாவைப் பார்க்கப் போக நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு.

(இந்த வரியை வெட்ட வேண்டும். மிகையாக இருக்கிறது. இருக்கட்டும்.)


ஒக்டோபர் 20, தீபாவளி

வீடு. எண்ணெய்க் குளியல். லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பட்டாசு.

அப்பா ஒரு பட்டாசுகூடக் கொளுத்தவில்லை. எப்போதும் அப்படித்தான். பக்கத்து வீட்டு மாமா வழக்கமான நக்கல்: "மலையவே ஒடைக்கிறவரு, ஓலப் பட்டாசுக்குப் பயந்து வீட்டுக்குப் பின்னால கோடிக்குப் போறாரு." எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும். பட்டாசு எப்போது வெடிக்கும் என்று தெரியாது, அதுதான் என்று எனக்கு மட்டும் சொன்னார்.

அம்மா: நாளை மறுநாள் நேர்முகத்துக்கு என்ன சேலை?


ஒக்டோபர் 22, புதன்

நேர்முகம். நீலச் சேலை. கால் குளிர்ந்திருந்தது.

நீள் மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். பேரா. இல்லை, அவர் எங்கள் துறை என்பதால் விலகிக்கொண்டார். ஆங்கிலத்தில் நடந்தது. விண்ணப்பத்தில் இருந்த கொத்தைப் பற்றிக் கேட்டார்கள். அது குவாரி வெடி என்றேன். போயாவைச் சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். அப்படியானால் உங்களிடம் மிஞ்சுவது என்ன என்று இன்னொருவர். மூன்று நிலையங்களை வைத்து எதைச் சொல்லக் கூடாது என்பது மிஞ்சுகிறது என்றேன். ஏன் தவறினேன் என்பது எனக்குப் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்றேன்.

கண்ணாடி போட்ட அம்மையார் ஒருவர், அவரைத் தெரியாது, கேட்டார்: குவாரியில் நீங்கள் விசாரிக்கவே இல்லையா?

விசாரித்தேன். தவறான மொழியில் விசாரித்தேன்.

எந்த மொழி?

தமிழ் என்றேன்.

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். விளக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பேப்பர் பிடித்துக் கேட்ட அந்தத் தமிழை ஆங்கிலத்தில் எப்படி விளக்கியிருப்பேன் என்று வெளியே வந்து மரத்தடியில் நின்று யோசித்தேன். முடியாது.


ஒக்டோபர் 24, வெள்ளி

பதவி மற்றவருக்கு. எதிர்பார்த்ததுதான். எனக்குத் தற்காலிகமாக இன்னும் ஒரு வருடம். நிரோஜா கன்ரீனில் கொத்து வாங்கித் தந்தாள். முட்டை. பகிடி சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

பின்னேரம் பேரா. வந்து என் கதிரையில் உட்கார்ந்தார், நான் நின்றேன். வேலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த இடத்தில், எந்த நொடியில் என்று தெரிந்த ஒரு வெடி கிடைத்தால் என்ன செய்யலாம் என்று கேட்டார். பரீட்சைக் கேள்வி மாதிரி. சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்தினேன். பூகம்பம் எங்கே, எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. வெடிக்கு இரண்டும் தெரியும். அலை ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்தால் இந்த மலைகளின் வேகத்தை அளந்துவிடலாம். இரவல் வேகம் தேவையில்லை. எங்கள் பாறையின் வேகம், எங்கள் பாறையிலேயே.

மத்தியான வெடி இன்னும் இருக்கிறது. லைசன்ஸ்படி.

அதை எழுதும்போது அப்பாவின் பெயரையும் போடலாம்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். எத்தனை கருவி, எங்கெங்கே, மொதலாளியிடம் நான் வந்து கேட்கட்டுமா என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: அன்றைக்குப் பேப்பரோடு வருவேனா, சும்மா வருவேனா.

சும்மா என்றேன்.


ஒக்டோபர் 30, வியாழன்

விடிய மழை, பத்து மணிக்கு விட்டது.

நிரோஜா பன்விலவில். இரண்டாம் வருடத்தார் மூன்று பேர் கலகெதர அரிசிக் கடையில், கடைக்காரர் லொறிகளை ஒரு மணி நேரம் வரவிடவில்லையாம். பேரா. வளாகத்தில். குவாரி மொதலாளி, வெடிக்குப் பக்கத்தில் ஒரு கருவி வைக்கவிட்டார். இனி கெம்பஸ் தன் பக்கம் என்று நினைப்பு. நான் குவாரிக்கு எதிர் மலையில், தேயிலைக்கு நடுவில் ஒரு பாறைமேல், மடியில் திரை. பதுளைப் பிள்ளை பக்கத்தில், குடை பிடித்து. மழை இல்லை, வெளிச்சம் திரையில் விழாமலிருக்க.

வெடி வைத்த இடத்துக்குக் கிட்டே போன் கூடாது. அப்பா தொலைவில் தகரக் கொட்டிலில் இருந்து பேசினார்.

"வெக்கவா?"

நிலையங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். நிரோஜா "ஓம், ஓம், வையுங்கோ" என்றாள். பேரா.வும் சரி.

"வைங்கப்பா."

போனை வைத்துவிட்டார். சிவப்புக் கொடி. ஊதல், பிறகு இன்னொரு ஊதல். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லை நீளமாக இருந்தது. தேயிலைக்குள் ஏதோ குருவி.

பாறை முகத்திலிருந்து வெள்ளைத் தூசி, சத்தமே இல்லாமல், பூ விரிவது போல் மெதுவாக. அதற்குள் திரையில் கோடு மேலே போயிருந்தது. பதுளைப் பிள்ளை விரலை வைத்தாள், சரியாக முதல் அலை தொடங்கும் இடத்தில். அதற்கு எவ்வளவோ பிறகு சத்தம் வந்து எங்கள் நெஞ்சில் இடித்தது.

போன் அடித்தது. அப்பா. மூச்சு வாங்கும் சத்தம், கொட்டிலுக்கு ஓடி வந்திருக்கிறார்.

"வந்துச்சா?"

"வந்துருச்சுப்பா."

"என்னா?"

எழுந்து நின்று கத்தினேன். தேயிலைக்குள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வந்துருச்சு!"